சட்டம் கொடுத்த கூலியும் தராசு எடுத்த கூலியும்

ஈழத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் தேயிலை ஏற்றுமதியின் நிறையைக் கணக்கிட்டிருக்கின்றனர். கொழும்பு ஏலத்தில் அது பெற்ற விலையைக் கணக்கிட்டிருக்கின்றனர். அந்நியச் செலாவணியில் அதன் பங்கினைக் கணக்கிட்டிருக்கின்றனர். கொழுந்து கொய்த கைக்கு மாத முடிவில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்னும் கணக்கோ பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அவ்வடிக்குறிப்பைச் சற்று விரித்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. மலைநாட்டுப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டதற்கு அடுத்த ஆண்டில், பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி தன் தாயாரின் சம்பளத் துண்டை அப்பியாசக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டு வந்தாள். “சேர், சம்பளம் கூடிவிட்டதென்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மா ஒரு நாள்கூட வீட்டில் நிற்கவில்லை. பிறகு ஏன் சேர் காசு குறைந்தது?” என்று கேட்டாள். துண்டை வாங்கிப் பார்த்தேன். முழுப்பேர் சில நாட்கள். அரைப்பேர் பல நாட்கள். எஞ்சிய நாட்களுக்கு எதுவும் இல்லை. அன்று அவளுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவள் கேட்டது ஒரு துண்டைப் பற்றிய கேள்வியாயினும், அதற்குரிய விடை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரலாற்றில் பரந்து கிடக்கின்றது.

சட்டத்துக்கு முன்

கோப்பிக் காலத்திலும், 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலத்திலும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கூலியை நிர்ணயித்தது சந்தை என்று சிலர் கூறுவர். அச்சந்தை எத்தகையது என்பதை நாம் நோக்குதல் வேண்டும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி. அவனுக்குரிய இடம் சிறை. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது. அந்த அறுபது நாட்களும் தொழிலாளி எதை உண்டு வாழ்ந்தான்? கடனை உண்டு வாழ்ந்தான். கடன் கொடுத்தவன் கங்காணி. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாறுவதாயின், புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டித் ‘துண்டு’ பெறவேண்டும். மனிதரின் பெயரும் கடன்தொகையும் எழுதப்பட்ட அந்தத் துண்டுக் கடதாசியே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளரைக் கைமாற்றிய உறுதிப் பத்திரமாயிற்று.

விற்பவன் வேறிடம் சென்று விற்க முடியாத சந்தையில் விலை உயர்வதில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது, ஏற்றுமதி பெருகியது, இலண்டனில் கம்பனிகள் பங்கிலாபம் வழங்கின. தோட்டத்து நாட்கூலியோ பல ஆண்டுகள் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நின்றது. இந்நிலையை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1919 இல் அவர் முன்னின்று அமைத்த தொழிலாளர் நலன்புரிக் கழகமும், அக்காலத்து இந்தியத் தேசிய இயக்கத்தின் அழுத்தமும் சேர்ந்து, 1921 இல் துண்டு முறையை ஒழித்தன. ஒப்பந்தத்தை மீறினாற் சிறை என்னும் விதியும் அதனை அடுத்து நீங்கிற்று.

ஐம்பத்து நான்கு சதம்

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துரைமாரின் இரக்கத்தால் வந்ததன்று. 1922 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் குடியகல்வுச் சட்டமொன்றை இயற்றியது. ஆட்களைத் திரட்டிச் செல்லும் நாடு அவர்களுக்கு நியாயமான வாழ்க்கை நிலையை உறுதி செய்தல் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதனால் எழுந்தது. மண்டபம் முகாமின் கதவு அடைபட்டால் மலைநாட்டுத் தேயிலைக்கு ஆள் வராது. ஆகவே 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறிற்று. சர்வதேசத் தொழில் தாபனம் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் பற்றிய தனது உடன்படிக்கையை ஏற்றது 1928 இல். அதற்கு ஓராண்டு முன்னரே, குடியேற்ற நாடாகிய இலங்கையில் இத்தகைய சட்டம் தோன்றியமை குறிப்பிடத்தக்கது.

1929 இல் நடைமுறைக்கு வந்த கூலி விகிதம் இது: உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம், இடைமலையில் 52, 41, 31, தாழ்நாட்டில் 50, 40, 30. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்துதல் தடுக்கப்பட்டது. அதுவரை துரையின் மனம்போன போக்கிலும் கங்காணியின் கணக்கிலும் கிடந்த கூலி, முதன்முறையாக நீதிமன்றத்திற் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாயிற்று. இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது.

ஆயினும் அச்சட்டத்தின் உள்ளேயே மூன்று குறைபாடுகள் இருந்தன. முதலாவது, அது இந்தியத் தொழிலாளருக்கு மட்டுமே உரியது. அதே தோட்டத்தில் வேலை செய்த சிங்களக் கிராமத்துத் தொழிலாளி அதற்கு வெளியே நின்றான். ஒரே மலையில் வேலை செய்த இருவரைச் சட்டமே இரு கூறாக்கியது. இரண்டாவது, தேயிலையின் முதன்மையான வேலையாகிய கொழுந்து பறித்தலைச் செய்பவள் பெண்ணாயிருக்க, அவளது கூலி ஆணின் கூலியிலும் பத்து அல்லது பதினொரு சதம் குறைவு என்று சட்டமே எழுதிவைத்தது. மூன்றாவது, கூலி பணத்தில் மட்டும் அமையவில்லை. தோட்டத்தில் குறித்த விலைக்கு வழங்கப்பட்ட அரிசியோடு அது பிணைந்திருந்தது. ஆகவே அரிசியின் விலையை அசைத்தால் கூலியையும் அசைக்கலாம்.

அசைத்துக் காட்டினர். 1929 இன் இறுதியில் தொடங்கிய உலக மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தது. 1931 முதல் 1933 வரையில் குறைந்தபட்சக் கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரிசி மலிந்துவிட்டது, ஆகவே வாழ்க்கைச் செலவும் குறைந்தது என்பது கூறப்பட்ட காரணம். 1931 இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர் இக்குறைப்பை மேடையிலும் பத்திரிகையிலும் எதிர்த்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுக்களைப் பாடி லயங்களிலே அவ்வெதிர்ப்பைப் பரப்பினார். எனினும் வெட்டு வெட்டாகவே நின்றது. உயரும்போது பல ஆண்டு வாதம் வேண்டியிருந்த கூலி, தாழும்போது சில மாதங்களில் தாழ்ந்தது.

இங்கே மற்றோர் உண்மையையும் மனங்கொள்ளுதல் வேண்டும். கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் தொழில் அழியும் என்பது முதலாளிமாரின் பழைய வாதம். 1929 இன் விகிதம் தேயிலைத் தொழிலை அழித்ததா? இல்லை. அதனை நெருக்கடிக்குள் தள்ளியது உலகச் சந்தை. 1933 இல் தேயிலை உற்பத்தி நாடுகள் கூடி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திச் செய்த உடன்படிக்கையே அதன் விலையை நிமிர்த்தியது. கோப்பியை அழித்தது நோய். தேயிலையைத் தளர்த்தியது மந்தம். இரண்டிலும் கூலியின் கை இல்லை.

சங்கிலி செய்த பெண்கள்

முதலாளி சட்டத்தை நேரில் எதிர்த்துத் தோற்றபின் அதனைச் சுற்றிச் செல்ல வழி தேடுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இச்சட்டங்களின் பிறப்பிடங்களுள் ஒன்றான இங்கிலாந்திலேயே அதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. 1909 ஆம் ஆண்டின் தொழிற் சபைகள் சட்டத்தின் கீழ், கிறாட்லி ஹீத் என்னும் ஊரில் வீட்டுப் பட்டடைகளில் இரும்புச் சங்கிலி அடித்த பெண்களுக்கு 1910 இல் மணிக்கு இரண்டரைப் பென்ஸ் எனக் கூலி குறிக்கப்பட்டது. பலருக்கு அது பழைய கூலியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது: தொழிலாளி எழுத்தில் உடன்பட்டால் ஆறு மாதங்களுக்குப் பழைய கூலியே கொடுக்கலாம். முதலாளிமார் எழுத வாசிக்கத் தெரியாத பெண்களிடம் அவ்வுடன்பாட்டுக்குக் கைநாட்டுக் கேட்டனர். பெண்கள் மறுத்தனர், வேலை மறுக்கப்பட்டனர். மேரி மக்காதர் என்னும் தொழிற்சங்கத் தலைவியின் வழிகாட்டலில் பத்து வாரம் நின்று வென்றனர்.

அவ்வூரை ஆராய்ந்து 1914 இல் நூல் வெளியிட்ட பொருளியல் வரலாற்றாசிரியர் ஆர். எச். தோனி, கூலி உயர்வால் வேலையின்மை பெருகியது என்னும் முடிவுக்கு வரவில்லை. கூலியைக் குறைத்துப் பிழைத்த முதலாளி தன் தொழிலை வேறுவகையிற் சீர்செய்து பிழைக்க வேண்டியவனானான் என்பதே அவ்வாராய்ச்சி உணர்த்தும் பாடம். இருவகைப் படிப்பினை இங்கே உண்டு. உயர்ந்த கூலியைத் தொழில் தாங்கும் என்பது ஒன்று. தாங்கும் என்பதனால் மட்டும் அது தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்துவிடாது. சட்டத்தின் இடைவெளியை அடைக்க ஒன்றுபட்ட வலிமை வேண்டும் என்பது மற்றொன்று.

வலிமையை வெட்டிய சட்டம்

அத்தகைய வலிமை மலைநாட்டில் 1930களின் முடிவிலே திரளத் தொடங்கியது. 1940 சனவரியில் மூலோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த ஆண்டில், 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் அரசு நியமித்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து கூலியை நிர்ணயிக்கும் முறை இதனாற் பிறந்தது. இந்தியர், இலங்கையர் என்ற பேதம் இச்சட்டத்தில் இல்லை. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற் குறைபாடு இவ்வாறு தீர்ந்தது.

ஆனால் 1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதனை அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கூலிக்கும் பிரசாவுரிமைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். வாக்கில்லாதவனின் கூலியைப் பற்றிப் பேசப் பாராளுமன்றத்தில் எவருக்கும் அவசியமில்லை; நாளை கப்பலேற வேண்டியவனுக்கு இன்று வேலைநிறுத்தம் செய்யும் துணிவு எளிதில் வருவதில்லை. சம்பளச் சபை இருந்தது. அதன் பின்னே நிற்க வேண்டிய மக்கட் பலம் வெட்டப்பட்டிருந்தது. 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டினால் நாடெங்கும் துன்புற்றபோது, சொந்த நிலமில்லாத தோட்டங்களிலே பட்டினி உயிரைக் குடித்தது. அக்காலத்தும் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நடைமுறையில் இருந்ததென்பதை மறத்தலாகாது.

1929 இல் சட்டமே எழுதிவைத்த ஆண்–பெண் வேறுபாடு, 1984 இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே நீங்கியது. சமமான நாட்கூலி என்னும் எளிய நீதிக்கு ஐம்பத்தைந்து ஆண்டு சென்றது. அதன் பின்னரும், ஆண்கள் பலருடைய வேலை பகலோடு முடிய, பெண் மாலைத் தராசு வரையில் மலையில் நிற்பது தொடர்ந்தது. நாட்கூலி சமமாயினும் நாளின் நீளம் சமமாகவில்லை.

ஆயிரம் ரூபாவின் கதை

1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. அதன் பின்னர்ச் சம்பளத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்தது, முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் இரண்டாண்டுக்கொரு முறை கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தம். அவ்வொப்பந்தங்களின் எண்களை உற்றுநோக்கினால் ஒரு தந்திரம் புலப்படும். 2013 இல் நாட்சம்பளம் 620 ரூபா எனப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாவே. 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. 30 ரூபா விலைக் கொடுப்பனவு. 2016 இல் 730 ரூபா எனப்பட்டது. அதில் அடிப்படை 500 ரூபா. சேமலாப நிதியும் பணிக்கொடையும் அடிப்படையை ஒட்டியே பெருகுபவை. வரவுக் கொடுப்பனவோ குறித்த அளவு நாட்கள் வேலைக்கு வந்தவருக்கே உரியது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு சில நாட்கள் நின்ற தாய்க்கு 620 என்பது 620 அன்று. 2019 இல் அடிப்படை 700 ரூபா, விலைக் கொடுப்பனவு 50 ரூபா, மொத்தம் 750 ரூபா என்றாயிற்று. அடிப்படை கூடியது நன்றே. ஏனைய கொடுப்பனவுகள் நீங்கியதால், ஒழுங்காக வேலைக்கு வந்து முன்னர் 730 பெற்றவளுக்கு நாளொன்றுக்குக் கூடியது இருபது ரூபாதான்.

2015 முதலே எழுந்து, 2018 டிசம்பரில் வேலைநிறுத்தமாக வெடித்த ஆயிரம் ரூபாக் கோரிக்கை, 2021 மார்ச்சில் சம்பளச் சபை வாயிலாக வர்த்தமானியில் ஏறியது: 900 ரூபா நாட்சம்பளம், 100 ரூபா வரவுசெலவுச் சலுகைப் படி. கம்பனிகள் இதனை நீதிமன்றத்தில் எதிர்த்தன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. அவ்விலகல் சிறு செய்தியாகப் பத்திரிகைகளில் வந்துபோயிற்று. தொழிலாளரைப் பொறுத்தவரை அதுவே பெருஞ் செய்தி. ஆண்டுக்கு 300 நாள் வேலை வழங்குதல் வேண்டும் என்ற வாசகமும், நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவைப் பேசித் தீர்க்கும் வழக்கமும் வாழ்ந்தது கூட்டு ஒப்பந்தத்திலேயே. வர்த்தமானி ரூபாவைக் குறித்தது. கிலோவையும் நாளையும் குறிக்கவில்லை.

இப்போது அந்த மாணவியின் துண்டுக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் 750 ரூபாவுக்கு 16 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர் எனக் கொள்வோம். கிலோ ஒன்றுக்குக் கூலி ஏறக்குறைய 47 ரூபா. சம்பளம் ஆயிரமாகியதும் அளவை 20 கிலோ ஆக்கினால், கிலோ ஒன்றுக்கு 50 ரூபா. நாட்சம்பளம் நூற்றுக்கு 33 வீதம் உயர்ந்தது என்று வானொலி சொல்லும். கொழுந்தின் கூலி ஏழு வீதமும் உயரவில்லை என்று தராசு சொல்லும். அளவை 22 கிலோ ஆக்கினாலோ, கிலோவின் கூலி பழையதிலும் குறைந்துவிடும். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோ இதற்குப் புறம்பு. அளவு எட்டாதவளுக்கு அரைப்பேர். 750 ரூபாவில் 24 நாள் வேலை செய்தவளுக்கு 18,000 ரூபா கிடைத்திருக்கும். ஆயிரம் ரூபாவில் 12 முழுப்பேரும் 8 அரைப்பேரும் பெற்றவளுக்கு 16,000 ரூபாவே கிடைக்கும். வர்த்தமானியை எவரும் மீறவில்லை. ஆனாலும் தாயின் கையிற் காசு குறைந்துவிட்டது.

கொழுந்து அளவு இருபதையும் தாண்டிப் பல தோட்டங்களில் உயர்த்தப்பட்ட அதே காலத்தில், மலையிற் கொழுந்தே குறைந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அதன் விளைவு அடுத்த ஆண்டில் வெளிப்பட்டது: 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாகச் சரிந்தது. செடியில் இல்லாத கொழுந்தைக் கூடையில் எப்படி நிரப்புவது? 2022 இல் நாணயமும் வீழ்ந்தது. ஏறக்குறைய ஐந்து டொலர் பெறுமதியாயிருந்த ஆயிரம் ரூபா, மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. தேயிலையோ டொலருக்கு விற்கும் பண்டம். ஆதலால் கொழும்பு ஏலத்தில் அதன் ரூபா விலையும் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. விலை உயர்ந்தது, கூலி வர்த்தமானியில் எழுதிய இடத்திலேயே நின்றது. 1931 இல் அரிசி மலிந்ததென்று கூலியைக் குறைத்த வாதம், 2022 இல் அரிசி ஏறியபோது கூலியை உயர்த்த நினைவுக்கு வரவில்லை.

முதலாளியின் கணக்கு

ஒரு பக்கத்தை மட்டும் எழுதுதல் வரலாறாகாது. கம்பனிகள் கூறும் வாதங்களில் உண்மையும் உண்டு. தேயிலை உற்பத்திச் செலவில் மிகப் பெரும் பங்கு கூலிக்கே செல்கின்றது. கொழுந்தை ஒவ்வொன்றாகக் கையாலேயே கொய்யவேண்டும். தேயிலையின் விலையைத் தோட்டம் நிர்ணயிப்பதில்லை, ஏலம் நிர்ணயிக்கின்றது. கூலியோடு சேர்ந்து சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஏறுகின்றன. பணிக்கொடை பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பெருகும் கடன். நட்டத்தில் இயங்கும் தோட்டங்களும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இக்கணக்கில் விடுபட்ட வரிகள் உள. செடி வயது முதிர்ந்தால் விளைச்சல் குன்றும். குன்றிய செடியிலிருந்து பிற நாட்டுத் தொழிலாளி பறிக்கும் அளவை எதிர்பார்த்தல் முறையன்று. மறுநடுகை போதிய அளவு நடைபெறாமைக்குக் கொய்பவள் பொறுப்பாளி அல்லள். குறைந்த கூலி கிடைக்கும் வரையில் முதலாளிக்குச் செடியைப் புதுக்கவும் முறையைச் சீராக்கவும் அவசரம் ஏற்படுவதில்லை. சங்கிலிப் பட்டடைகளில் தோனி கண்ட உண்மை இதற்கும் பொருந்தும்.

மேலும், தோட்டத்துச் சந்தை இன்றும் முழுமையான சந்தையன்று. தொழிலாளி குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவள் நடக்கும் பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். நிலவுரிமையும் வீட்டுரிமையும் இல்லாதவள் கூலி பேசும்போது தன் கூரையையும் சேர்த்தே பேசுகின்றாள். கூலியை வாங்குபவன் ஒருவனாகவும் விற்பவர் பலராகவும் உள்ள இடத்தில், கூலி இயல்பாகவே அதன் பெறுமதிக்குக் கீழே நிற்கும். அத்தகைய இடத்தில் சட்டம் கூலியை உயர்த்துவது சந்தையைக் கெடுப்பதன்று. சாய்ந்திருந்த தராசை நிமிர்த்துவதாகும்.

கூலி உயர்ந்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு எண்களே விடை கூறும். 1992 இல் கம்பனிகள் பொறுப்பேற்றபோது அத்தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று ஒன்றரை இலட்சத்திலும் குறைவு. அவர்களிற் பெரும்பாலோர் கூலி உயர்ந்ததனால் வெளியேற்றப்பட்டவர் அல்லர். கூலி போதாமையால் வெளியேறியவர். கொழும்பின் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மத்திய கிழக்கின் வீடுகளிலும் அவர்களைக் காணலாம். ஆளில்லை என்று இன்று கம்பனிகள் அழுகின்றன. ஆள் போனது ஏனென்று கேட்கத் தயங்குகின்றன.

இவ்விடத்திற் சிறு தேயிலைத் தோட்டக்காரரையும் மறத்தலாகாது. நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கு இன்று அவர்களுடைய சிறு நிலங்களிலிருந்தே வருகின்றது. விற்பனை வருமானத்தில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்ற வாய்பாட்டில் அவர்கள் விலை பெறுகின்றனர். இம்முறையை மேற்கோள் காட்டி, நாட்கூலியை ஒழித்துத் தேயிலைக் காணியைப் பகுதி பகுதியாகத் தொழிலாளரிடம் ஒப்படைத்து வருமானத்தைப் பங்கிடலாம் என்று கம்பனிகள் கூறுகின்றன. கேட்க இனிமையான யோசனை. ஆனால் சிறு தோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். தொழிலாளருக்கு அது சொந்தமாகுமா? பசளையின் விலை ஏறினால், மழை பொய்த்தால், நட்டம் யாருடையது? நிலவுரிமை தராமல் நட்டத்தில் மட்டும் பங்கு தருவதாயின், அது பழைய துண்டின் புதிய பதிப்பாகிவிடும்.

எழுதப்படாத இரண்டு எண்கள்

2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றஞ் சென்றன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா என முடிந்தது. 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 சனவரி முதல் கம்பனிகள் 1,550 ரூபாவும், வரவுக் கொடுப்பனவாக அரசு 200 ரூபாவும், ஆக 1,750 ரூபா எனப் பிரேரித்தது. தனியார் கம்பனியின் தொழிலாளிக்குப் பொதுப் பணத்திலிருந்து நாட்கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்தல் தோட்ட வரலாற்றிற் புதியதோர் அத்தியாயம். வரவேற்கத்தக்கதே. எனினும் வரவுக் கொடுப்பனவு வேலைக்கு வந்தவருக்கே உரியது. வேலை வழங்கும் அதிகாரமோ இன்னும் பிரட்டுக் களத்தில் நிற்பவரின் கையில்.

1929 இன் 54 சதத்திலிருந்து 1,750 ரூபா வரையிலான பயணத்தில் நாம் காணும் உண்மை ஒன்றே. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது தொழில் அழியவில்லை. சட்டம் இல்லாத காலத்திலும் சட்டம் உள்ள காலம் தொழிலாளருக்கு மேலானது. ஆனால் சட்டம் எதை எழுதாமல் விட்டதோ, அதன் வழியாகவே கொடுத்தது திரும்ப எடுக்கப்பட்டது. ஒரு காலத்தில் அது அரிசியின் விலை. இன்னொரு காலத்தில் வரவுக் கொடுப்பனவு. இன்று கொழுந்தின் நிறையும் வேலை நாட்களும். நாட்கூலி என்பது உண்மையில் ஓர் எண் அன்று, மூன்று எண்கள்: ரூபா, கிலோ, நாள். முதலாவதை வர்த்தமானி எழுதுகின்றது. ஏனைய இரண்டையும் முதலாளி எழுதுகின்றார். மூன்றையும் ஒரே தாளில், ஒரே சட்ட வலிமையோடு, செடியின் வயதையும் பருவத்தையும் கணக்கிற்கொண்டு எழுதும் வரையில், கூலி உயர்வு என்பது பாதி உண்மையாகவே இருக்கும். தராசைத் தொழிலாளரின் பிரதிநிதி பார்க்கும் உரிமையும் அத்தாளிலேயே எழுதப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் ரூபாவுக்காக மட்டும் குரல் எழுப்பி, கிலோவையும் நாளையும் துரையின் கணக்குப் புத்தகத்தில் விட்டுவந்த காலம் போதும்.

துண்டைக் கொண்டுவந்த மாணவி அதன் பின்னர்ச் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தினாள். உயர்தரத்தில் வணிகக் கல்வி பயின்றாள். தாயாரின் துண்டை மாதந்தோறும் அவளே கூட்டிப் பார்க்கின்றாள் என்றும், லயத்தில் ஏனைய பெண்களும் தத்தம் துண்டுகளை அவளிடம் கொண்டுவருகின்றனர் என்றும் அறிந்தேன். அரைப்பேர் தவறாகப் போடப்பட்ட நாட்களை அவள் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுக்கின்றாளாம். பெண்கள் அத்துண்டுகளை எடுத்துக்கொண்டு தோட்டக் கந்தோருக்குச் சென்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். தனியொருத்தியாகச் சென்றபோது கிடைக்காத விடை, பன்னிருவராகச் சென்றபோது கிடைத்ததாம். அன்று நான் சொல்லத் தவறிய விடையை அவர்கள் தாமே எழுதத் தொடங்கிவிட்டனர்.